ஒரே எக்ஸான் 45 டெலிஷன், ஒரே குடும்பம்: ஒரு பையனுக்கு வேகமாகவும் இன்னொருவனுக்கு மெதுவாகவும் போவது ஏன்?

மகிழன்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, எழுதுவது இப்போதுதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 8 வயது. டிஎம்டி, அதாவது டுஷேன் தசைச் சிதைவு. எம்எல்பிஏ என்ற மரபணு டெஸ்ட் ரிப்போர்ட்டில் "எக்ஸான் 45 டெலிஷன், அவுட் ஆஃப் ஃபிரேம்" என்று போட்டிருக்கிறார்கள். என் அக்கா பையனுக்கும் அதே எக்ஸான் 45 தான். அவனுக்கு 14 நடக்கிறது, மாடிப்படி ஏற முடியாது, ஆனால் வீட்டுக்குள் இன்னும் நடக்கிறான். மகிழனோ எட்டு வயதிலேயே அடிக்கடி விழுகிறான், தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுந்திருக்கிறான். இவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் என் கூடப்பிறந்த அண்ணன். அவனுக்கு அந்தக் காலத்தில் மரபணு டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை, ஆனால் இதே நோய்தான் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். 10 வயதில் நடை நின்றது, 2003இல் 17 வயதில் இறந்துவிட்டான்.

பழுது ஒன்றுதான் என்றால் மூன்று பேருக்கும் மூன்று விதமாக ஏன் போகிறது? என் பையன் அவன் மாமா மாதிரி ஆவானா, பெரியம்மா பையன் மாதிரி ஆவானா? டாக்டரிடம் கேட்டால் "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்.

இதற்கு நடுவில் ஒரு தனியார் லேபிலிருந்து போன் வருகிறது. "மாடிஃபையர் ஜீன் பேனல்" என்று ஒன்று இருக்கிறதாம், நோயின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மற்ற ஜீன்களைப் பார்ப்பதாம், அதை எடுத்தால் பையன் எத்தனை வயது வரை நடப்பான் என்று தெரிந்துவிடுமாம். முப்பதாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். எடுக்கலாமா? அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் "எக்ஸான் 45க்கு அமெரிக்காவில் மருந்து வந்துவிட்டது" என்று அனுப்பியிருக்கிறார். அது எங்கள் பையனுக்கானதுதானா?

மாமியார் வீட்டுப் பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைத்தேன். "உங்க வீட்டு ரத்தம்" என்ற ஒரே வாக்கியம்தான், காலையிலும் சாயங்காலமும்.


கொங்குநாட்டான்:

சகோதரி, தப்பாக நினைக்க வேண்டாம், நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவரா? அத்தை மகன், மாமன் மகன் என்று கட்டினால் இப்படித்தான் வரும், எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பத்தில் பார்த்திருக்கிறேன். ஒரே ரத்தம் இரண்டு பக்கமும் சேரும்போது நோயும் அதிகமாகும். உங்கள் அக்கா வெளியில் கட்டிக்கொடுத்தவராக இருப்பார், அதனால் அவர் பையனுக்குக் கம்மியாக இருக்கும்.


லேப்_கோட்டு:

மேலே கொங்குநாட்டான் சொன்னது எஸ்எம்ஏ (நரம்பு பழுதாகித் தசை நலிவது), லிம்ப் கர்டில் (இடுப்பு, தோள் தசை நலிவது) மாதிரி நோய்களுக்குப் பொருந்தும், அதில் அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். டிஎம்டிக்குப் பொருந்தாது. இதில் பழுதாவது தசையைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் மரபணு, அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையன்களுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும், அப்பா கொடுப்பது ஒய். நீங்கள் அத்தை மகனைக் கட்டியிருந்தாலும் அண்டார்டிகாவில் மாப்பிள்ளை பார்த்திருந்தாலும் இந்த விஷயத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. "உங்க வீட்டு ரத்தம்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: டிஎம்டி பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வருகிறது. எந்த வீட்டிலும் வரலாம்.

நான் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. மருந்து பற்றி நான் சொல்வதை வைத்து எதையும் மாற்றாதீர்கள். ஆனால் ரிப்போர்ட்டில் உள்ள அந்த ஒரு வரி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று சொல்ல முடியும்.

டிஸ்ட்ரோஃபின் மனித மரபணுக்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, 22 லட்சம் எழுத்துக்கு மேல், அதில் புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள், அதாவது எக்ஸான்கள், 79. டெலிஷன் என்றால் அப்படி ஒரு துண்டு காணாமல் போயிருப்பது. இந்த எக்ஸான்களை மட்டும் வெட்டி ஒட்டித்தான் செல் புரதம் செய்கிறது. படிக்கும்போது மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். "மரம் கடல் வயல் பழம்" என்று எழுதி, "ர" வை மட்டும் எடுத்துவிட்டு மறுபடியும் மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: "மம்க டல்வ யல்ப ழம்". ஒரு எழுத்துதான் போனது, ஆனால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே உளறல். அதே வரியில் "கடல்" என்ற முழுச் சொல்லையும் எடுத்தால் "மரம் வயல் பழம்", ஒன்று குறைகிறது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டாவது வகைதான் இன் ஃபிரேம், முதல் வகை அவுட் ஆஃப் ஃபிரேம்.

எக்ஸான் 45இல் 176 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் 2 மிச்சம். அதனால் அந்த ஒன்று போனாலே பின்னால் வருவது உளறலாகி, கொஞ்ச தூரத்தில் "நிறுத்து" என்ற குறி தற்செயலாக வந்து, புரதம் பாதியில் முடிந்துவிடுகிறது. இதே இடத்தில் 45 முதல் 47 வரை மூன்று எக்ஸான் போனவர்களும் இருக்கிறார்கள், 474 எழுத்து, மூன்றால் சரியாக வகுபடும், அவர்களுக்குப் பெரும்பாலும் வருவது பெக்கர் என்ற மிதமான வகை. இன்னும் தள்ளிப்போனால் 45 முதல் 55 வரை பதினோரு எக்ஸான் போனவர்கள் உண்டு, 1779 எழுத்து, அதுவும் வகுபடும், அவர்களில் பலர் நடு வயது தாண்டியும் நடக்கிறார்கள். ஆக "ஒண்ணுதானே போயிருக்கு, லேசாத்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எத்தனை போனது என்பது பெரிய விஷயம் இல்லை, மிச்சம் படிக்க முடிகிறதா என்பதுதான். பாஸ்டனில் லூயி குன்கெல் குழுவினர் இந்த மரபணுவைக் கண்டுபிடித்த கையோடு 1988இல் சொன்ன விதி இது. பத்தில் ஒன்பது பேருக்கு இன்றும் சரியாக வருகிறது.

பாக்கி அந்தப் பத்தில் ஒன்றுதான் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது. 45 போனவர்களுக்கு எக்ஸான் 44உம் சேர்ந்து போனால் என்ன ஆகும்? 176 கூட்டல் 148, மொத்தம் 324. வகுபடுகிறது! சிலருடைய தசைச் செல், ஒட்டும்போது தானாகவே எப்போதாவது 44ஐத் தாண்டிவிடுகிறது, அப்போது கொஞ்சூண்டு டிஸ்ட்ரோஃபின் உருவாகிறது. சதவீதமாகப் பார்த்தால் ரொம்பக் குறைவு. ஆனாலும் 44ஐத் தாண்டினால் சரியாகும் வகை டெலிஷன் உள்ள பையன்கள், மற்ற டிஎம்டி பையன்களைவிட சராசரியாகச் சற்றுத் தாமதமாகவே நடையை இழக்கிறார்கள் என்று பல நாட்டுப் பதிவேடுகளில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் பையன்கள் இருவரும் அந்த வகைதான். எந்த அளவுக்குத் தானாகத் தாண்டுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அது எம்எல்பிஏவில் தெரியாது, எம்எல்பிஏ டிஎன்ஏவில் எக்ஸான் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் எண்ணும்.

வாட்ஸ்அப் மருந்து: காசிமெர்சென் என்று ஒன்று 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது எக்ஸான் 45ஐத் தாண்டவைக்கிற மருந்து. அதாவது 45 இருக்கிறவர்களுக்கு, பக்கத்து எக்ஸான் போனவர்களுக்கு. உங்கள் பையனிடம் 45 இல்லவே இல்லை, இல்லாததை எப்படித் தாண்டவைப்பது? அவனுக்குத் தேவை 44ஐத் தாண்டவைப்பது. அமெரிக்காவில் 2016 முதல் 2021க்குள் வந்த இந்த வகை மருந்துகள் நாலும் 51, 53, 45 இவற்றுக்கானவை. இந்த "45" என்ற எண்ணைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது எங்களுக்குப் போன் செய்கிறார்கள்.

பேனல் பற்றி அப்புறம் எழுதுகிறேன், டூட்டி இருக்கிறது.


பெக்கர்_பாலு:

லேப் தம்பி சொன்ன 45 முதல் 47 வரை கேஸ் நான்தான். வயது 41, கைத்தடியோடு நடக்கிறேன், வங்கி வேலை. எல்லாரும் "உனக்கு லேசான வகைப்பா, நீ தப்பிச்சே" என்பார்கள். கால் லேசுதான். இதயம்? முப்பத்தைந்து வயதில் மூச்சு வாங்குகிறதே என்று எக்கோ எடுத்தால் பம்ப் செய்யும் அளவு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. காலில் தெரிகிற தீவிரமும் இதயத்தில் நடப்பதும் ஒரே வேகத்தில் போவதில்லை, பெக்கரில் இது எல்லா டாக்டருக்கும் தெரிந்த விஷயம், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. நன்றாக நடக்கிறவன் கூடுதலாக உழைக்கிறான், இதயமும் சேர்ந்து உழைக்கிறது.

அதனால் அம்மா, உங்கள் அக்கா பையன் 14இல் நடக்கிறான் என்பது சந்தோஷம். ஆனால் அவனுக்கு எக்கோ வருஷா வருஷம் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். நடக்கிறவனுக்கு எதற்கு என்று விட்டுவிடுகிற வீடுகள் நிறைய.


மகிழன்_அம்மா:

லேப் அண்ணா, ரொம்ப நன்றி. அந்த மூன்றெழுத்துக் கணக்கை நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், இரண்டு வருஷமாக ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டிருந்தும் இப்போதுதான் அந்த வரி புரிகிறது. 45 மருந்து விஷயத்தை அனுப்பியவருக்கும் சொல்லிவிட்டேன், "நீ நெகட்டிவா யோசிக்கிறே" என்று பதில் வந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், முக்கியமா என்று தெரியாது. அக்கா பையன் 5 வயதிலிருந்தே டெஃப்ளாசகார்ட் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறான். மகிழனுக்கு நாங்கள் ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்தார், ஆனால் குண்டாகிவிடுவான், வளர மாட்டான், எலும்பு உடையும் என்று வீட்டில் எல்லாரும் பயந்து நிறுத்தி வைத்திருக்கிறோம். என் அண்ணனுக்கும் கொடுத்ததில்லை, எண்ணெய் தேய்த்து நீவிவிட்டதோடு சரி.


சக்கர_நாற்காலி:

அக்கா, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்! நான் 28 வயது டிஎம்டி, ராத்திரி பைபாப் என்ற மூச்சுக் கருவி போட்டுத் தூங்குகிறேன், பகலில் வீட்டிலிருந்து டிசைன் வேலை. கொஞ்சம் நேரடியாகப் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று பேருக்கும் மரபணுப் பழுது ஒன்று, சரி. ஆனால் ஒருவர் மாத்திரையோடு வளர்கிறார், ஒருவர் மாத்திரை இல்லாமல் வளர்கிறார், இன்னொருவர் 2003இல் மாத்திரையும் இல்லாமல் மூச்சுக் கருவியும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். இதில் ஜீன் எங்கே, சிகிச்சை எங்கே என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஒன்பது நாடுகளில் 440 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வந்தது. ஒரு வருஷமாவது ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு, தரையிலிருந்து எழுவது, படி ஏறுவது, நடப்பது மாதிரியான திறன்கள் போவது 2 முதல் 4 வருஷம் வரை தள்ளிப்போனது. அது நடைக்கு மட்டும் இல்லை, கையை வாய்க்குக் கொண்டுபோகிற திறனும் தள்ளிப்போகிறது. நான் இன்றும் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறேன், அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

பக்கவிளைவு பொய் இல்லை. நான் குள்ளம், முகம் உப்பல், கண்ணில் புரை, முதுகெலும்பில் ஒரு முறிவு. எல்லாம் எனக்கு வந்தது. அதற்கு வைட்டமின் டி, எலும்பு ஸ்கேன், கண் பரிசோதனை, உப்பு குறைத்த சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டியது உண்டு. வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, அதை டாக்டரோடு உட்கார்ந்து எடுங்கள், பக்கத்து வீட்டோடு இல்லை. ஆரம்பித்துவிட்டால் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது ஆபத்து, இதை மட்டும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் "எத்தனை வயது வரை நடப்பான்" என்பதையும் "எத்தனை வயது வரை இருப்பான்" என்பதையும் ஒன்றாக வைத்துக் கேட்கிறீர்கள். நடை சீக்கிரம் நின்றவர்களுக்கு மூச்சும் சீக்கிரம் இறங்கும் போக்கு உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆளைக் கொண்டுபோவது கால் இல்லை, மூச்சும் இதயமும். இங்கிலாந்தில் நியூகாசில் மருத்துவமனையில் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்து 2002இல் எழுதினார்கள்: 1960களில் சராசரி ஆயுள் 14.4 வருஷம், 1990க்கு அப்புறம் ராத்திரி மூச்சுக் கருவி வைத்தவர்களுக்கு 25.3. இந்த இடைவெளியில் டிஸ்ட்ரோஃபின் மரபணு மாறவில்லை. மூக்கில் மாட்டுகிற முகமூடி வந்தது, அவ்வளவுதான். இப்போது முப்பதைத் தாண்டியவர்களை நானே ஆன்லைனில் தினமும் பார்க்கிறேன். பிரான்சில் 57 பையன்களை வைத்து பெரின்டோப்ரில் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரையைச் சோதித்தார்கள், இதயம் கெடுவதற்கு முன்பே ஒரு பாதிப் பேருக்கு ஆரம்பித்தார்கள், மற்றவர்களுக்குப் பிறகுதான். பத்து வருஷம் கழித்து முன்பே ஆரம்பித்தவர்களில் 93 சதவீதம் பேர் உயிரோடு, மற்ற பாதியில் 66. எந்த மாடிஃபையர் ஜீனுக்காவது இந்த வித்தியாசம் உண்டா என்று லேப் அண்ணனைக் கேளுங்கள்.

உங்கள் அண்ணனைப் பற்றி எழுதியது படித்தபோது கஷ்டமாக இருந்தது. அவருடைய வயதை மகிழனுக்குக் கணக்காக வைக்காதீர்கள், அவர் இருந்த காலமே வேறு.


மூன்று_பிரதி:

நாங்கள் எஸ்எம்ஏ குடும்பம், வேறு நோய், ஆனால் கேள்வி அதேதான் என்பதால் எழுதுகிறேன். எங்கள் நோயில் எஸ்எம்என்1 என்ற மரபணு ஏறக்குறைய எல்லாருக்கும் போயிருக்கும், தீவிரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது பக்கத்தில் இருக்கும் எஸ்எம்என்2 எத்தனை பிரதி என்பது. இரண்டு இருந்தால் பெரும்பாலும் டைப் 1, குழந்தை உட்காரவே உட்காராது. மூன்று, நாலு என்று கூடக்கூட மிதமாகும். என் மகளுக்கு மூன்று. டிஎம்டியில் இப்படி ஒரு எண் கிடையாதே என்று அங்குள்ள பெற்றோர் பொறாமைப்படுவார்கள்!

அந்த எண்ணே சில நேரம் கவிழ்த்துவிடும். இரண்டே பிரதி இருந்தும் நடக்கிற குழந்தைகள் இருந்திருக்கிறார்கள், ஏன் என்று பார்த்தால் அந்த எஸ்எம்என்2க்குள்ளேயே ஒரு எழுத்து மாறியிருந்து, அது வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்கிறது, இது 2009இல் வெளிவந்தது. அதற்கு முந்தின வருஷம் ஜெர்மனியில் கொலோன் குழுவினர் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள், எஸ்எம்என்1 இல்லை, எஸ்எம்என்2 எண்ணிக்கையும் ஒன்றுதான், தம்பிக்கு நோய், அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. பிளாஸ்டின் 3 என்ற இன்னொரு புரதம் அவளிடம் அதிகமாக இருந்தது. ஆக மெயின் ஜீனுக்கு வெளியே காப்பாற்றுகிறது ஒன்று இருக்க முடியும் என்பது உண்மைதான், கதை இல்லை.

ஆனால் இப்போது மருந்து வந்த பிறகு எங்களிடம் பிரதி எண்ணைவிட "எந்த மாதத்தில் மருந்து ஆரம்பித்தீர்கள்" என்பதுதான் முதல் கேள்வி. அறிகுறி வருவதற்கு முன்பே ஆரம்பித்த இரண்டு பிரதிக் குழந்தை, தாமதமாக ஆரம்பித்த மூன்று பிரதிக் குழந்தையைவிட நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம்.


லேப்_கோட்டு:

திரும்பி வந்துவிட்டேன். சக்கர_நாற்காலி தம்பி கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில்: இல்லை.

விளக்கம். டிஎம்டியில் மாடிஃபையர் என்று பேசப்படுவதில் நன்றாக ஆராயப்பட்டது எல்டிபிபி4. தசை கிழிந்து ஆறும்போது அந்த இடத்தில் தழும்பு மாதிரி நார் படிகிறது, அதைத் தூண்டுவது டிஜிஎஃப் பீட்டா என்ற சமிக்ஞை. எல்டிபிபி4 அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம். ஒரு வகை மற்றதைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது, அதனால் நார் படிவது குறைகிறது. முதலில் எலியில் பார்த்தார்கள், 2013இல் அமெரிக்காவில் 254 பேரிடம் பார்த்தார்கள். ஸ்டீராய்டு எடுத்தவர்களில், அந்த நல்ல வகை அம்மா அப்பா இரண்டு பக்கமிருந்தும் வந்தவர்கள் சராசரியாக 12.5 வயது வரை நடந்தார்கள், மற்றவர்கள் 10.7. ஏறக்குறைய 2 வருஷம், சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த 12.5க்குப் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் 3.3 என்று போட்டிருக்கிறது. அதாவது நல்ல வகை இருந்தும் ஒன்பது வயதில் நின்றவர்களும் இருக்கிறார்கள், இல்லாமலே பதிமூன்று வரை நடந்தவர்களும் இருக்கிறார்கள். நூறு பையன்களை ஆய்வில் சேர்க்கும்போது இந்தத் தகவல் பொன். ஒரு பையனுடைய அம்மாவிடம் இதை "உங்க மகன் இத்தனை வயசு வரைக்கும் நடப்பான்" என்று விற்பது வியாபாரம்.

மற்றவை இன்னும் பலவீனம். எஸ்பிபி1 என்று ஒன்று 2011இல் பெரிதாகப் பேசப்பட்டது, அப்புறம் வேறு குழுக்கள் பார்த்தபோது சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. சிடி40, ஏசிடிஎன்3 என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பையன்களிடம் பார்த்ததுதான். இந்த வகைகள் எந்த அளவில் பரவியிருக்கின்றன என்பது மக்களுக்கு மக்கள் மாறும் என்பதால் அந்தச் சராசரியை அப்படியே நாமக்கல்லுக்கு எடுத்துவர முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, ரிசல்ட் எதுவாக வந்தாலும் சிகிச்சையில் ஒன்றும் மாறப்போவதில்லை. நல்ல வகை வந்தால் ஸ்டீராய்டு வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். நல்ல வகை வரவில்லை என்றால் நீங்கள் ஒரு மாதம் தூங்க மாட்டீர்கள். முப்பதாயிரத்தை வேறு எதற்காவது வையுங்கள்.

இதனால் மாடிஃபையர் ஆராய்ச்சியே வீண் என்று சொல்லவில்லை. பிரேசிலில் சாவ் பாவ்லோவில் மயானா ஸாட்ஸ் என்பவருடைய ஆய்வகத்தில் ரிங்கோ என்று ஒரு கோல்டன் ரெட்ரீவர் நாய் இருந்தது. டிஸ்ட்ரோஃபின் துளியும் இல்லை, மற்ற அப்படிப்பட்ட நாய்கள் சின்ன வயதிலேயே படுத்துவிடும், இது ஓடி விளையாடி, குட்டி போட வைத்து, முழு ஆயுள் வாழ்ந்தது. அதன் குட்டி ஒன்றும் அப்படியே. ஏன் என்று துருவிப் பார்த்ததில் ஜாக்டு1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது, தசை மறுபடி வளர்வதற்கு அது உதவுகிறது என்று 2015இல் எழுதினார்கள். டிஸ்ட்ரோஃபின் இல்லாமலே தசை தாக்குப்பிடிக்க முடியும் என்பதற்கு உயிருள்ள சாட்சி. நாளைக்கு இந்த வழியில் மருந்து வரலாம். மகிழனுடைய இன்றைய பிரச்சினைக்கு அதில் ஒன்றும் இல்லை.

பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டுமானால் இரண்டு இடத்தில் செலவழியுங்கள். ஒன்று, அக்கா பையனுடைய ரிப்போர்ட் எந்த முறையில் எடுத்தது என்று பாருங்கள். மல்டிபிளக்ஸ் பிசிஆர் என்று போட்டிருந்தால் அது 79ஐயும் பார்த்திருக்காது, தேர்ந்தெடுத்த சில எக்ஸான்களைத்தான் பார்க்கும். ஒரே குடும்பம் என்பதால் இருவருக்கும் ஒரே டெலிஷனாகத்தான் இருக்கும், ஆனாலும் அவன் ஃபைலில் முழு எம்எல்பிஏ இருப்பது நல்லது, நாளைக்கு 44ஐத் தாண்டவைக்கும் மருந்துக்கு ட்ரையல் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். இரண்டாவது, தங்கை, சித்தி பெண், மாமா பெண் என்று கல்யாண வயதில் யாராவது இருந்தால் கேரியர் டெஸ்ட், அதாவது அவர்கள் இந்தப் பழுதைச் சுமக்கிறார்களா என்று பார்ப்பது. கோயம்புத்தூரில் எம்டிசிஆர்சி, வேலூர் சிஎம்சி மாதிரி இடங்களில் இதற்குக் கவுன்சலிங்கோடு சேர்த்தே செய்கிறார்கள்.


கொங்குநாட்டான்:

மாமா பெண் எப்படி வருவார்? மாமாவுக்கு நோய் இல்லை என்றால் அவர் பெண்ணுக்கு எப்படி வரும்?


லேப்_கோட்டு:

சரியான கேள்வி. நோய் இல்லாத மாமாவின் பெண்ணுக்கு வராது, அவருடைய எக்ஸ் நல்ல எக்ஸ். அந்தப் பெண்ணுக்கு டெஸ்ட் தேவையில்லை. இவர்கள் அம்மா வழியில், அம்மாவின் அக்கா தங்கைகள், அவர்களுடைய பெண்கள், இந்த வரிசையில் பார்த்தால் போதும். பெக்கர் ஆண்களுக்கு மட்டும் நேர் எதிர்: பாலு சாருக்குப் பெண் இருந்தால் அவள் கட்டாயம் கேரியர், பையன் இருந்தால் அவனுக்கு வரவே வராது.


பெக்கர்_பாலு:

ஒரு பெண் உண்டு, பத்தாவது படிக்கிறாள். அவளுக்கு எப்போது சொல்வது என்று நானும் வீட்டுக்காரியும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.


மகிழன்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. லேபுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், "ஆஃபர் இந்த வாரத்தோடு முடியுது மேடம்" என்றார்கள். ஸ்டீராய்டு பற்றி என் வீட்டுக்காரரிடம் பேசினேன், அவரும் இந்தப் பதிவுகளை எல்லாம் படித்தார், அடுத்த வாரம் டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். மாமியாரிடம் அவரே "பக்கத்து வீட்டில் புதிதாகவும் வரலாமாம்" என்று சொன்னார், அன்று ராத்திரி வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை!

டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அங்கே போனால் எனக்கு எல்லாம் மறந்துவிடும்.


சக்கர_நாற்காலி:

தடுப்பூசி. ஸ்டீராய்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் எது எது பாக்கி என்று கேளுங்கள், குறிப்பாகச் சின்னம்மை ஊசி, ஆரம்பித்த பிறகு உயிருள்ள தடுப்பூசிகள் போடுவது சிக்கல். எக்கோவும் நுரையீரல் அளவும் இப்போதே ஒரு தடவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒப்பிட வேண்டும். எப்போதாவது ஆபரேஷன் என்று வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் டிஎம்டி என்று முதலிலேயே சொல்ல வேண்டும், சக்சினைல்கோலின் என்ற ஊசி இவர்களுக்கு ஆகாது. அக்கா பையனுக்குக் காலையில் தலைவலி, பகலில் தூக்கம் என்று ஆரம்பித்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி போனாலும் மூச்சுக் கருவி இல்லாமல் வெறும் ஆக்சிஜன் மட்டும் வைத்துவிட்டுப் போக விடாதீர்கள்.


பெக்கர்_பாலு:

நீங்களும் அக்காவும் எக்கோ எடுத்தீர்களா? கேரியர் பெண்களிலும் சிலருக்கு இதயம் பலவீனமாகும், பையனைத் தூக்கி இறக்கும் முதுகு வலிதான் என்று விட்டுவிடுவார்கள். சில வருஷத்துக்கு ஒரு தடவை போதும். உங்கள் அம்மா இருக்கிறார் என்றால் முதலில் அவருக்கு எடுங்கள்.